ஒரு குதிரையும் பன்னிரண்டு காமிராக்களும்

கலாசாலையில் படித்த நாட்களில் எத்தனை பிரசங்கங்களைக் கேட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. மந்திரிகள் வந்து பேசினார்கள். ஓய்வு பெற்ற நீதிபதிகள் வந்து பேசினார்கள். இளைஞர்கள் நாட்டின் முதுகெலும்பு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து, இல்லை, இளைஞர்கள் நாட்டின் கண்கள் என்பார். இப்படி வாரத்துக்கு ஓர் அவயவமாக ஆகிக்கொண்டிருந்த எங்களுக்கு, பிரசங்கிக்குப் போட்ட மாலை வாடுவதற்கு முன்பே பிரசங்கம் மறந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதைச் செய்தவருக்கு மாலை போடவில்லை. கேட்டவர்களும் இருபது பேருக்கு மேல் இல்லை.

1966-ம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல். பௌதிக சங்கக் கூட்டம். வெளியூரிலிருந்து வரவேண்டிய பிரமுகர் வரவில்லை. எங்கள் பௌதிக ஆசிரியர், "அதனால் என்ன, நானே ஏதாவது சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது தம்முடைய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அக்குளில் ஒரு வட்ட அட்டை. ஏதோ செப்பிடுவித்தை நடக்கப் போகிறது என்று பின் பெஞ்சுக்காரர்கள் கூட முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஸ்டேஷன் ரோட்டிலே ஜட்கா வண்டி ஓடுகிறதே, தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா? குதிரை ஓடும்போது எப்போதாவது அதன் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டுக் கிளம்புகிறதா?" என்று கேட்டார்.

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. கிளம்புகிறது என்று ஒரு கட்சி, கிளம்பவில்லை என்று ஒரு கட்சி. அரை மணி நேரம் சத்தம் போட்டோம். ஆசிரியர் தடுக்கவில்லை. கடைசியில், "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

ஏழெட்டுப் பேர் ஸ்டேஷன் ரோட்டுக்கு ஓடினோம். ஒரு ஜட்காவைப் பிடித்து, எட்டணா கொடுத்து, சும்மா ஓட்டிக் காட்டச் சொல்லி, ரோட்டோரத்தில் குந்தியபடி குதிரையின் குளம்புகளையே பார்த்தோம். கண் வலித்ததுதான் மிச்சம். எங்கள் சந்தேகத்தைக் கேட்ட ஜட்காக்காரர் சிரித்தார். "நாலு காலையும் தூக்கிட்டா அப்புறம் வண்டியை எவன் தம்பி இழுக்கிறது?" என்றார். தர்க்க ரீதியாக இதற்குப் பதில் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை.

திரும்பி வந்ததும் ஆசிரியர் கதையை ஆரம்பித்தார். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு என்ற கோடீசுவரர். ரயில்வே முதலாளி, அந்த மாகாணத்தின் கவர்னராகவும் இருந்தவர். பந்தயக் குதிரைப் பைத்தியம். எங்களைப் பிளந்த அதே கேள்வி அவரையும் பிடித்துக்கொண்டது. மைப்ரிட்ஜ் என்ற போட்டோக்காரரை அழைத்து, "நீ படம் பிடித்துக் காட்டு" என்றார். 1878-ம் ஆண்டு ஜூன் மாதம், பாலோ ஆல்டோ என்ற இடத்தில் ஸ்டான்போர்டின் பண்ணையில், ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாகக் காமிராக்களை நிறுத்தினார் மைப்ரிட்ஜ். ஒன்றுக்கொன்று 27 அங்குலம் இடைவெளி. பாதையின் குறுக்கே நூல் கட்டியிருந்தது. குதிரையின் கால் பட்டு நூல் அறுந்தால் மின்சாரம் பாய்ந்து அந்தந்தக் காமிராவின் கதவு திறந்து மூடும். திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை நாலுகால் பாய்ச்சலில் அந்தக் காமிராக்களைக் கடந்து ஓடியது. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே படங்களைக் கழுவி எடுத்தார்கள். நூல் அறுந்த சத்தத்தில் குதிரை மிரண்டு துள்ளியதில் சேணத்தின் வார் அறுந்துபோயிற்று. அதுவும் படத்தில் விழுந்திருந்தது. அதற்கப்புறம் யாராலும் அது மோசடி என்று சொல்ல முடியவில்லை.

நாலு காலும் தரையை விட்டுக் கிளம்பத்தான் செய்கின்றன. ஆனால் வேடிக்கை என்னவென்றால், சித்திரக்காரர்கள் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக எழுதிவந்ததுபோல் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிப் பறக்கும்போது அல்ல. நான்கையும் வயிற்றுக்கு அடியில் கூட்டிச் சுருட்டிக்கொள்ளும்போது. ஜெரிகோ என்ற பெரிய பிரெஞ்சு ஓவியர் 1821-ல் எழுதிய எப்ஸம் குதிரைப் பந்தயப் படத்தில் குதிரைகள் எல்லாம் நீட்டிப் பறக்கின்றன. பார்க்க ரம்மியமாயிருக்கிறது, எந்தக் குதிரையும் அப்படி ஓடியதில்லை. நம் ஊர் ஐயனார் கோவில் குயவர் இந்த வம்புக்கே போகவில்லை. மண் குதிரைக்கு நாலு காலையும் தரையில் ஊன்றிவிட்டார்.

கதையை முடித்துவிட்டு ஆசிரியர் அந்த வட்ட அட்டையை எடுத்தார். ஓரத்தில் பன்னிரண்டு கீற்றுகள் வெட்டியிருந்தன. கீற்றுகளுக்கு நடுவே பன்னிரண்டு குதிரைகள், இந்திய மசியால் வரைந்தவை. சைக்கிள் சக்கரத்தின் அச்சில் அட்டையைப் பொருத்தி, கண்ணாடிக்கு எதிரே பிடித்துச் சுழற்றினார். ஒவ்வொருவராக அட்டைக்குப் பின்னால் போய்க் கீற்று வழியாகக் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். என் முறை வந்தது. பார்த்தேன். குதிரை ஓடிற்று.

அப்போது நான் மாதம் மூன்று சினிமாவாவது பார்க்கிறவன். கத்திச் சண்டையும் கடல் கொந்தளிப்பும் பார்த்துப் பழகிய கண். ஆனாலும் அந்த மசிக் குதிரை ஓடியபோது என் மயிர் சிலிர்த்தது என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. அசையாத பன்னிரண்டு கோட்டுப் படங்கள் என் கண்ணெதிரே உயிர் பெற்றுவிட்டன.

அன்று இரவே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். 'குதிரை தந்த சினிமா' என்று தலைப்பு. ஆசிரியர் சொன்ன வரிசையிலேயே, அவர் விட்ட இடத்தில் மூச்சுவிட்டு, அவர் சிரித்த இடத்தில் சிரித்து, ஜட்காக்காரரையும் சேர்த்து எழுதினேன். கலாசாலை ஆண்டு மலரில் அது முதல் பக்கத்தில் வெளியாயிற்று. பரிசும் கிடைத்தது. நான் எழுத்தாளனாக வேண்டும் என்று தீர்மானம் செய்தது அந்த வாரத்தில்தான். அந்தக் கட்டுரையில் எல்லார் பெயரும் இருந்தது. ஸ்டான்போர்டின் பெயர், மைப்ரிட்ஜின் பெயர், குதிரையின் பெயர் கூட. எங்கள் ஆசிரியரின் பெயர் மட்டும் இல்லை. பிரசங்கத்தில் கேட்டது என்ற குறிப்பும் இல்லை. படிக்கிறவர்கள், இந்தப் பையன் எத்தனை புஸ்தகங்களைப் புரட்டி எழுதியிருக்கிறான் என்று நினைக்கவேண்டும், நினைத்தார்கள்.

மலர் வெளிவந்த மறுநாள் வராந்தாவில் ஆசிரியர் எதிரே வந்தார். எனக்கு அடிவயிறு கலங்கிற்று. அவர் நின்று, "கட்டுரை பார்த்தேன். நன்றாயிருக்கிறது. 1878-லே காமிரா பன்னிரண்டுதான். நீ இருபத்துநாலு என்று போட்டிருக்கிறாய். இருபத்துநாலு ஆனது அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

அதை நான் வெகு நாள் வரையில் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியரே ஒரு பிழைக்கு மேல் கண்டுபிடிக்கவில்லையே!

இருபது வருஷம் கழித்து, வேறொரு காரியமாக மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் மூல புருஷர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அவர்தான். அவருக்கும் சினிமாவுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. அதோடு, என் கலாசாலைக் கட்டுரைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியது. அதைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும்.

பாரடே 1791-ல் பிறந்தவர், கருமானின் மகன். லண்டனில் ஒரு புஸ்தகம் கட்டும் கடையில் பதினாலு வயதில் வேலை பழகப் போனார். கட்டுவதற்கு வரும் புஸ்தகங்களை எல்லாம் கட்டுவதற்கு முன் படித்துவிடுவது வழக்கம். 1812-ல் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் அந்தப் பையனின் ஆர்வத்தைப் பார்த்து, ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஸர் ஹம்ப்ரி டேவி செய்யும் பிரசங்கங்களுக்கு டிக்கட் வாங்கிக் கொடுத்தார். டேவியின் பிரசங்கம் என்றால் அந்த நாளில் இன்றைய நட்சத்திரக் கச்சேரி மாதிரி. வந்து இறங்கும் கோச்சு வண்டிகளின் நெரிசலைத் தாங்காமல்தான் அந்த ஆல்பெமார்ல் வீதி லண்டனிலேயே முதல் ஒருவழிப் பாதை ஆயிற்று என்று சொல்வார்கள். பாரடே மாடியில், கடிகாரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, நாலு பிரசங்கங்களையும் கேட்டுக் குறிப்பு எடுத்தார். வீட்டுக்குப் போய் அவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, முந்நூறு பக்கத்துக்குக் குறையாத புஸ்தகமாகத் தம் கையாலேயே கட்டி, அந்த வருஷக் கடைசியில் டேவிக்கே அனுப்பிவைத்தார். 1813-ம் ஆண்டு மார்ச்சு மாதம் டேவியின் உதவியாளராக வேலை கிடைத்தது. மேல்மாடியில் குடியிருக்க இரண்டு அறைகளும் கிடைத்தன.

இதுவரையில் எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இருப்பது; பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு விழாவில் சொல்லத் தகுந்தது. இதற்கு அப்புறம் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புகிறது என்று 1820-ல் டென்மார்க்கில் அயர்ஸ்டெட் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து, கம்பியைத் தன் அச்சிலேயே சுழலச் செய்ய முடியுமா என்று வொல்லஸ்டன் என்ற முதிர்ந்த விஞ்ஞானி யோசித்தார். டேவியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சோதனை செய்து பார்த்தார். நடக்கவில்லை. அவரும் டேவியும் அதைப் பற்றிப் பேசியதில் ஒரு பகுதியை உதவியாளராகிய பாரடே கேட்டிருந்தார். 1821 செப்டம்பரில் பாரடே தனியாக வேறொரு விதத்தில் முயன்று, மின்கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரும்படி செய்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை. உடனே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். வொல்லஸ்டனைப் பார்க்கப் போனாராம். அவர் ஊரில் இல்லை. பத்திரிகை காத்துக்கொண்டிருந்தது. கட்டுரையில் வொல்லஸ்டன் பெயரும் இல்லை, டேவி பெயரும் இல்லை.

லண்டன் விஞ்ஞான உலகம் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. புஸ்தகம் கட்டுகிற பையன் எஜமானர்களின் எண்ணத்தைத் திருடிவிட்டான் என்றார்கள். திருட்டு என்று சொல்வதற்கு இல்லை. வொல்லஸ்டன் தேடியது வேறு, பாரடே கண்டது வேறு. வொல்லஸ்டன் தாமே அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் டேவி மறக்கவில்லை. ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, சொஸைட்டியின் தலைவராக இருந்த டேவி, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள் என்றே அவரிடம் சொன்னார். 1824 ஜனவரியில் வோட்டு எடுத்தார்கள். பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஓர் உருண்டை. இரகசிய வோட்டு; யார் போட்டது என்று சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை.

டேவியின் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் எழுதி, அட்டை போட்டு, அவர் காலடியிலேயே கொண்டுபோய் வைத்த அதே கை, ஒன்பது வருஷம் கழித்து அவர் பெயரை எழுத மறந்தது எப்படி? இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பாரடே மீது கோபம் வரவில்லை. மகிழ்ச்சிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். கண்டதும் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்ற வேகத்தில், இதை யாரிடமிருந்து கேட்டோம் என்பதே நினைவிலிருந்து நழுவிவிடும். அப்படித்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டால், என் விஷயத்தில் அது முழு உண்மை இல்லை. எனக்கு நினைவு இருந்தது. பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதப்போய், ஒரு கணம் தயங்கி, எழுதாமல் விட்டேன். அந்தக் கணம் இன்னும் நினைவிருக்கிறது.

இனி சைக்கிள் சக்கரத்துக்கு வருவோம். சக்கரம் ஒன்று வேலிக் கம்பிகளுக்கு அப்பால் உருண்டு போகும்போது அதன் ஆரக்கால்கள் வளைந்து தெரிகின்றன. இதைப் பற்றி 1824-ல் ரோஜே என்பவர் ராயல் சொஸைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து அகராதி செய்தாரே, அதே ரோஜேதான். 1830 டிசம்பரில் பாரடே இதே விஷயத்தை எடுத்துக்கொண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசினார். ஓர் ஈய ஆலையில் இரண்டு பல்சக்கரங்கள் வேகமாகச் சுழலும்போது, ஒன்றின் பல்வழியாக மற்றொன்றைப் பார்த்தால் அது அசையாமல் நிற்பதுபோல் தெரிந்ததாம். அட்டையில் பல் வெட்டி, கண்ணாடிக்கு எதிரே சுழற்றி, சபையோருக்குக் காட்டினார்.

ஆனால் இதில் பெரும் பகுதியைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் 1828-லேயே எழுதி வெளியிட்டிருந்தார். ஜோஸப் பிளாட்டோ என்று பெயர்; கிரேக்க ஞானி அல்ல. பாரடேக்கு அது தெரியவந்தது. இந்தத் தடவை அவர் தாமதிக்கவில்லை. முதலில் கண்டவர் பிளாட்டோதான் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதோடு நில்லாமல் பிளாட்டோவுக்கே கடிதம் எழுதி, தம் கட்டுரையையும் அனுப்பிவைத்தார். 1821-ல் சூடு பட்டவர் 1831-ல் செய்த காரியம் அது. பிளாட்டோ உற்சாகம் கொண்டு மேலும் முயன்று, 1832-ம் ஆண்டுக் கடைசியில் கீற்று வெட்டிய அட்டை ஒன்றைச் செய்தார். கீற்றுகளுக்கு இடையே படிப்படியாக மாறும் படங்கள். கண்ணாடிக்கு எதிரே சுழற்றிக் கீற்று வழியே பார்த்தால் படம் அசையும். அதே சமயத்தில் வியன்னாவில் ஸ்டாம்பர் என்பவரும், அவரும் பாரடேயின் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே பொம்மையைச் செய்தார். எங்கள் ஆசிரியர் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த அட்டை அதுதான்.

உலகத்துக்கு முதல் அசையும் படத்தைக் காட்டிய பிளாட்டோவுக்கு 1843-க்குள் இரண்டு கண்களும் போய்விட்டன. மாணவப் பருவத்தில் சூரியனை உற்றுப் பார்த்து ஒரு சோதனை செய்ததால் என்று அவரே நம்பினார். வேறு கண்நோய்தான் காரணம் என்று பிற்கால வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதற்கு அப்புறமும் நாற்பது வருஷம் உயிரோடிருந்து, மனைவி, மகன், மருமகன் இவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல, சோப்புக் குமிழிகளின் வடிவங்களை ஆராய்ந்தார். இது ஒன்றே ஒரு நாவலுக்குக் காணும். எழுதத் தைரியமில்லை.

ஒரு சிறு திருத்தமும் இங்கே சொல்லிவிட வேண்டும். படம் ஏன் அசைகிறது என்பதற்கு எங்கள் ஆசிரியர் அன்று, கண்ணின் உட்திரையில் ஒரு காட்சி கொஞ்ச நேரம் தங்கி, அடுத்ததோடு ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னார். நானும் அதையே எழுதினேன். அது போதாது என்று 1912-லேயே மாக்ஸ் வெர்த்தைமர் என்ற ஜெர்மன் மனோதத்துவ அறிஞர் காட்டிவிட்டார். தங்கித் தங்கி ஒட்டினால் குதிரைக்கு ஒன்றின் மேல் ஒன்றாகக் கால்கள் தெரியுமே ஒழிய ஓட்டம் தெரியாது. இரண்டு அசையாத தோற்றங்களுக்கு நடுவே அசைவை உண்டாக்கிக்கொள்வது நம் மூளை. பன்னிரண்டு படங்களை மட்டும் யாரோ கொடுக்கிறார்கள்; நடுவில் விட்டுப்போனதை நாமே நிரப்பிக்கொண்டு, கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறோம்.

பாரடேக்குப் பிறகு ஐம்பது வருஷம். 1882-ம் ஆண்டு மார்ச்சு 13-ம் தேதி. அதே ஆல்பெமார்ல் வீதி, அதே ராயல் இன்ஸ்டிடியூஷன். மேடையில் வெள்ளைத் தாடியோடு மைப்ரிட்ஜ். எதிரே வேல்ஸ் இளவரசர், கவி டென்னிஸன், இன்னும் பல பெரிய மனிதர்கள். கண்ணாடித் தட்டு ஒன்றைச் சுழற்றி, விளக்கின் ஒளியில் திரை மீது குதிரையை ஓடவிட்டார். அந்தக் கருவி செய்யும் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. எதிர்த் திசையில் சுழலும் கீற்றுத் தகடு படங்களை ஒடுக்கிக் காட்டும். ஆகையால் தட்டில் குதிரையை வேண்டுமென்றே இழுத்து நீட்டிக் கையால் எழுதியிருந்தார்கள். தட்டில் பொய்யான குதிரை. திரையில் நிஜமான குதிரை. சபையோர் கைதட்டினார்கள்.

இந்த மைப்ரிட்ஜ் லேசுப்பட்ட ஆசாமி அல்ல. 1830-ல் லண்டனுக்கு அருகே கிங்ஸ்டனில் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் மகரிட்ஜ். அதைப் பல தடவை மாற்றி மைப்ரிட்ஜ் ஆக்கிக்கொண்டார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் புஸ்தகம் விற்றார். 1860-ல் கோச்சு வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. பிறகு போட்டோக்காரரானார். 1874-ல் தம் மனைவி பெற்ற குழந்தையின் படம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் அவள் கையெழுத்தில், சின்ன ஹாரி என்று எழுதியிருந்தது. ஹாரி லார்கின்ஸ் என்பது குடும்ப நண்பன் ஒருவனின் பெயர். மைப்ரிட்ஜ் அன்றே படகும் ரயிலும் வண்டியுமாகப் பயணம் செய்து, இரவில் அந்த மனிதன் இருந்த வீட்டு வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டு, சுட்டுக் கொன்றார். தலையில் பட்ட அடியால் புத்தி பேதலித்தவர் என்று வக்கீல் வாதாடினார். ஜூரர்கள் அதை ஏற்கவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்தது சரிதான் என்று 1875-ல் விடுதலை செய்துவிட்டார்கள்! அந்தப் பெண் அதே வருஷம் இறந்தாள். குழந்தை அநாதை விடுதியில் வளர்ந்தது. எங்கள் ஆசிரியர் இதை எங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஸ்டான்போர்டு இருபத்தையாயிரம் டாலர் பந்தயம் கட்டினார் என்ற கதையைச் சொன்னார். அதற்கு ஆதாரமே கிடையாது.

லண்டனில் கைதட்டல் அடங்குவதற்குள் பாலோ ஆல்டோ கதை அவரைத் துரத்திக்கொண்டு வந்தது. ராயல் சொஸைட்டி மைப்ரிட்ஜின் ஆராய்ச்சியை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காவிலிருந்து, 'ஓடும் குதிரை' என்ற பொருள்படும் பெரிய புஸ்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. எழுதியவர் டாக்டர் ஸ்டில்மன், ஸ்டான்போர்டின் நண்பர். ஸ்டான்போர்டின் ஆதரவில் வெளியிட்டது என்று முகப்பில் போட்டிருந்தது. மைப்ரிட்ஜின் பெயர் முகப்பில் இல்லை. உள்ளே, ஸ்டான்போர்டு வேலைக்கு வைத்த போட்டோக்காரர் என்ற அளவில் மட்டும் இருந்தது. ராயல் சொஸைட்டிக்காரர்கள் மைப்ரிட்ஜை அழைத்துப் புஸ்தகத்தைக் காட்டி, இதற்கு என்ன சொல்கிறீர் என்று கேட்டார்கள். அவருடைய கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லண்டன் சபைகளின் கதவுகள் சாத்திக்கொண்டன. ஸ்டான்போர்டு மீது வழக்குப் போட்டார், தோற்றார். பணக்காரர் பிறகு, இறந்துபோன தம் மகனின் நினைவாக அதே பண்ணையில் ஒரு சர்வகலாசாலையை ஸ்தாபித்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்.

இந்த இடத்தில் மைப்ரிட்ஜுக்காகக் கண்ணீர் விடலாம் என்று நான் தயாரானேன். ஆனால் காமிராக் கதவுகளுக்கான மின்சார ஏற்பாட்டைச் செய்ய உதவியவர் ஐஸக்ஸ் என்ற இளம் எஞ்சினியர். 1879-ல் கிடைத்த பேடண்டுகளோ மைப்ரிட்ஜின் பெயருக்கே பதிவாயின. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பின்னர் பென்ஸில்வேனியா சர்வகலாசாலை அவருக்கு இடம் கொடுத்தது. நடப்பவர், தாவுபவர், படி ஏறும் பெண், தண்ணீர்க் குடத்தைக் கவிழ்ப்பவள், கொக்கு, யானை எல்லாவற்றையும் படம் பிடித்து, 1887-ல் 781 தகடுகளாக வெளியிட்டார். 1888-ல் எடிஸனைச் சந்தித்தார். 1895 டிசம்பரில் பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் டிக்கட் போட்டுப் படம் காட்டியபோது அவர் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார். 1904-ல் காலமானார். அவருடைய சாம்பல் இருக்கும் வோக்கிங் மயானத்தில் ஒரு கல் இருக்கிறது. அதில் அவர் பெயரை 'மேப்ரிட்ஜ்' என்று பிழையாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்து முடித்ததும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 1986-ம் ஆண்டு. அவர் ஓய்வு பெற்றுத் தம் கிராமத்தில் இருந்தார். பாரடே கதையை எழுதி, ஆண்டு மலரில் நான் செய்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கதையைத் திரும்ப ஒரு கட்டுரையாக எழுதப் போவதாகவும், அதில் அவர் பெயரைப் போட்டு, இன்னாரிடம் கேட்டது என்று முதல் வரியிலேயே சொல்லப் போவதாகவும் எழுதினேன். நாலு பக்கம் வந்துவிட்டது. எழுதி முடித்தபோது மனசு மிகவும் லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்தவனின் கர்வமும் கொஞ்சம் இருந்தது.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது.

"சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதெல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு நான் சொன்ன குதிரைக் கதை, சைக்கிள் சக்கரம், அட்டை எல்லாம் நான் சென்னையில் படிக்கும்போது எங்கள் வாத்தியார் காட்டியவை. ஜட்கா கேள்வி கூட அவர் கேட்டதுதான். நாங்கள் திருவல்லிக்கேணியில் போய்ப் பார்த்தோம். அவர் பெயரை உங்களிடம் நான் சொன்னேனா? இல்லை. சொல்லியிருக்கலாம். ஆகையால் என் பெயரையும் போடவேண்டாம். போட்டால் எனக்குச் சங்கடம்."

அவருடைய வாத்தியார் யார் என்று உடனே பதில் எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த கோடையில் நேரிலேயே போய்க் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். கட்டுரையும் அப்படியே நின்றுபோயிற்று. அவர் பெயரைப் போடாமல் எழுத மனம் வரவில்லை, போட்டு எழுத அனுமதி இல்லை. இப்போது எழுதியிருக்கிறேன், அவர் சொன்னபடியே.

அந்தக் கார்டில் கையெழுத்துக்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, இன்னும் ஒரு வரி எழுதியிருந்தார்: "காமிரா இருபத்துநாலு என்று போட்டிருந்தாயே, அதைத் திருத்தினாயா?"

பன்னிரண்டு, சார்.